இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் காற்று

(மும்பை தேவ்நாரில் தமிழ் அன்பர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒலியைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் விரைந்து பறக்கும் ஊர்தியை ஹைப்பர்சானிக் ஊர்தி என்கிறார்கள். அந்த ஊர்தியின் உடம்பை வெப்பமும் காற்றும் சேர்ந்து என்ன பாடு படுத்துகின்றன என்பதுதான் இன்றைய பொருள். தலைப்பைக் கேட்டதும் பயந்துவிடாதீர்கள். கரும்பலகையில் சமன்பாடு எதுவும் எழுதப்போவதில்லை. பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்தால் போதும், கடைசிவரை கூடவே வந்துவிடலாம்.

முதலில் அந்த வேகம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். 2020 செப்டம்பர் 7 அன்று காலை ஒடிசா கடற்கரையை ஒட்டிய தீவிலிருந்து நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ ஒரு சோதனை ஊர்தியை ஏவியது. வீலர் தீவு என்று இருந்த அந்த இடத்துக்கு இன்று நம் ராமேசுவரத்துக்காரர் அப்துல் கலாமின் பெயர். திட எரிபொருள் ராக்கெட் ஒன்று அந்த ஊர்தியை 30 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது. அங்கே வெப்பக் கவசம் பிரிந்தது. ஊர்தி தனியானது. அதன் ஸ்க்ராம்ஜெட் எஞ்சின் எதிரே வரும் காற்றையே விழுங்கி எரியத் தொடங்கியது. ஒலியைப்போல் ஆறு மடங்கு வேகம், அதாவது மாக் 6, நொடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர். எஞ்சின் எரிந்தது 20 நொடிக்குச் சற்று அதிகம்.

நொடிக்கு 2 கிலோமீட்டர் என்றால் என்ன? இந்த அரங்கிலிருந்து பவாய்க்கு ஐந்து நொடி. பத்லாபூருக்கு இருபது நொடி. சென்னைக்கு ஒன்பது நிமிடம் தாராளம். சென்னை எக்ஸ்பிரஸில் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு இந்தக் கணக்கு என்னைவிட நன்றாகவே உறைக்கும்.

சரி, அந்த வேகத்தில் காற்று என்ன ஆகிறது?

நம்மைச் சுற்றியிருக்கும் காற்றை நாம் மென்மையானது என்று நினைக்கிறோம். விலகச் சொன்னால் விலகும், வழிவிடச் சொன்னால் வழிவிடும். ஏன் விலகுகிறது? நாம் வருகிற செய்தி அதற்கு முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்தச் செய்தி ஒலியின் வேகத்தில் போகிறது. ஒலியைவிட ஆறு மடங்கு வேகமாக நீங்கள் வந்தால் செய்தி போய்ச் சேர நேரம் ஏது? விலக நேரம் ஏது? காற்று அப்படியே நின்ற இடத்தில் நசுங்குகிறது. நசுங்கிய காற்று ஒரு மெல்லிய சுவராக ஊர்தியின் மூக்கின் முன்னே நிற்கிறது. அதைத்தான் அதிர்ச்சி அலை என்கிறோம். நசுங்கினால் சூடு. 30 கிலோமீட்டர் உயரத்தில் வெளிக்காற்று உறைநிலைக்குக் கீழே 46 டிகிரி, கடுங்குளிர். அந்தக் குளிர்காற்றையே மாக் 6 வேகத்தில் மோதி நிறுத்தினால் அது சுமார் 1500 டிகிரிக்குச் சூடேறிவிடும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். இரும்பு 1538 டிகிரியில் உருகும். கணக்கு புரிகிறதல்லவா?

மூக்கில் நசுங்கிச் சூடேறுவது ஒரு பக்கம். உடம்பின் இருபுறமும் காற்று உரசிக்கொண்டு ஓடுகிறதே, அது இன்னொரு பக்கம். ஊர்தியின் தோலை ஒட்டி ஒரு மெல்லிய காற்றுப் படலம் இருக்கிறது. எல்லைப் படலம் என்று அதற்குப் பெயர். தோலைத் தொடும் இடத்தில் காற்று நின்றுவிடுகிறது. சில மில்லிமீட்டர் தள்ளி அதே காற்று முழு வேகத்தில் பறக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இழுபறி முழுவதும் வெப்பமாக மாறுகிறது. அந்தப் படலம் அடுக்கடுக்காக அமைதியாக ஓடினால் சூடு குறைவு. கலைந்து, கொந்தளித்து ஓடினால் சூடு பல மடங்கு. இந்தக் கடைசி வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குச் சொல்லப்போகும் பாதிக் கதை அதிலிருந்துதான் கிளம்புகிறது.

சூடானால் உலோகம் நீளும். இது நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? இங்கிருந்து மாகுல் பக்கம் போயிருப்பீர்கள். சுத்திகரிப்பு ஆலைகளின் குழாய்கள் வரிசை வரிசையாக ஓடும். நேராகப் போய்க்கொண்டிருக்கும் குழாய் திடீரென்று பக்கவாட்டில் திரும்பும், ‘ப’ வடிவத்தில் ஒரு வளைவு வளையும், மறுபடியும் பழைய நேர்கோட்டுக்கு வந்துவிடும். எதற்கு இந்தச் சுற்றுவழி? கட்டியவர்களுக்குக் குழாய் மிச்சமாகிப் போய்விட்டதா? இல்லை. 100 மீட்டர் எஃகுக் குழாய் 200 டிகிரி சூடேறினால் 24 சென்டிமீட்டர் நீளும். இரண்டு முனையையும் இறுக்கிப் பிடித்துவிட்டால் அந்த 24 சென்டிமீட்டர் எங்கே போகும்? குழாய் நெளியும், தாங்குகிற கட்டையைப் பெயர்க்கும். அதனால் அந்த ‘ப’ வளைவில் நீள்வதற்கு இடம் கொடுத்துவைக்கிறார்கள். தரையில் பொறியாளருக்குத் தெரிந்த பழைய வைத்தியம் இது: சூட்டுக்கு இடம் கொடு.

ஹைப்பர்சானிக் ஊர்தியிலும் அதே வைத்தியத்தைச் செய்துபார்த்தார்கள். என்ன ஆயிற்று? அதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

அமெரிக்காவில் எக்ஸ்-15 என்று ஒரு ராக்கெட் விமானம் இருந்தது. மூன்றே மூன்றுதான் கட்டினார்கள். 1959 முதல் 1968 வரை 199 முறை பறந்தன. இந்தத் துறையில் நமக்குத் தெரிந்தவற்றில் பாதியை அந்த மூன்று விமானங்கள் உடம்பில் தழும்பு வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுத்தன என்று சொன்னால் மிகையில்லை. இன்கோனல்-எக்ஸ் என்ற நிக்கல் கலவை உலோகத்தால் ஆன உடம்பு. சூட்டைத் தாங்கும், வலு குறையாது. இறக்கையின் முன்விளிம்பு, அதாவது காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் அந்த விளிம்பு, மற்ற இடங்களைவிட அதிகம் சூடேறும், அதிகம் நீளும். சூட்டுக்கு இடம் கொடு என்பதுதானே பாடம்? விளிம்பில் ஆங்காங்கே மெல்லிய வெட்டுகளை விட்டார்கள்.

மாக் 5-ஐத் தாண்டிய ஒரு பயணம் முடிந்து விமானம் திரும்பி வந்தது. இறக்கையைப் பார்த்தால், அந்த வெட்டுகளுக்கு நேர் பின்னால், தோல் நெளிந்து கிடக்கிறது! நெளியாமல் இருக்கத்தானே வெட்டு விட்டார்கள்? நடந்தது இதுதான். விளிம்பிலிருந்த வெட்டு, அதன் மேல் ஓடிய காற்றை இடறிவிட்டது. அமைதியாகப் போய்க்கொண்டிருந்த எல்லைப் படலம் அங்கே கலைந்து கொந்தளித்தது. கொந்தளித்த காற்று வெட்டுக்குப் பின்னாலிருந்த தோலை மட்டும் அளவுக்கு மீறிச் சுட்டது. சுடப்பட்ட இடம் நீளப் பார்த்தது, சுற்றிலுமிருந்த குளிர்ந்த தோல் விடவில்லை, நெளிந்துவிட்டது. உலோகத்துக்கு இடம் கொடுத்தார்கள். காற்று மடத்தைப் பிடுங்கியது.

கடைசியில் அந்த வெட்டுகளின் மேல் மிக மெல்லிய இன்கோனல் தகட்டைப் போட்டு மூடினார்கள். அடியில் உலோகம் நீளலாம், மேலே காற்றுக்கு அது தெரியக்கூடாது. எவ்வளவு எளிய தீர்வு! ஆனால் நெளிவைக் கண்ணால் பார்க்கும்வரை அது எந்தக் கணக்கிலும் வரவில்லை.

சரி, இடமே கொடுக்காமல் விட்டால்? அதற்கும் எக்ஸ்-15 பாடம் வைத்திருக்கிறது. 1961 நவம்பர் 9 அன்று ராபர்ட் ஒயிட் என்ற விமானி அந்த விமானத்தில் முதன்முறையாக மாக் 6-ஐத் தாண்டினார். திரும்பி இறங்கும் வழியில் வலப்பக்கக் கண்ணாடி சுக்கல் சுக்கலாக விரிசல் விட்டது. முந்தைய மாதம்தான் இடப்பக்கக் கண்ணாடி இதேபோல் விரிந்திருந்தது. கண்ணாடி மட்டமான சரக்கா? அப்படியில்லை. கண்ணாடியைச் சுற்றிப் பிடித்திருந்த உலோகச் சட்டம் சூட்டில் நீண்டது, நீள இடமில்லாமல் புடைத்தது. புடைத்த இடத்தில் காற்று மோதி ஒரு சூட்டுப் புள்ளி உண்டானது. அந்தப் புள்ளியில் கண்ணாடி தாங்கவில்லை. சட்டத்தை டைட்டானியத்துக்கு மாற்றி, பின்புறத் துண்டை எடுத்தேவிட்டார்கள்.

கவனியுங்கள். முதல் கதையில் இடம் கொடுத்தார்கள், நெளிந்தது. இரண்டாம் கதையில் இடம் கொடுக்கவில்லை, புடைத்தது. இரண்டிலும் குற்றவாளி ஒருவனில்லை. வெப்பம் உலோகத்தின் உருவத்தை மாற்றுகிறது. மாறிய உருவம் காற்றின் போக்கை மாற்றுகிறது. மாறிய காற்று வெப்பத்தை வேறிடத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. அந்த வெப்பம் மறுபடியும் உருவத்தை மாற்றுகிறது. இது சுற்றிச் சுற்றி வரும் வளையம். பாலம் கட்டுகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. லாரி ஏறினால் பாலம் கொஞ்சம் வளைகிறது, ஆனால் பாலம் வளைந்ததால் லாரியின் எடை கூடுவதில்லையே! இங்கே கூடுகிறது. அதுதான் ஹைப்பர்சானிக் பொறியியலின் தலைவலி.

எக்ஸ்-15-இன் இன்னொரு கதையைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. இது கொஞ்சம் வேடிக்கையானது. விமானிக்கு வேடிக்கையாக இருந்திருக்காது. 1964 ஆகஸ்டில் ராபர்ட் ரஷ்வொர்த் என்பவர் மாக் 4-க்கு மேல் பறந்துகொண்டிருக்கிறார். மூக்குச் சக்கரம் தானாகவே வெளியே வந்துவிட்டது! யாரும் பொத்தானை அழுத்தவில்லை. சக்கரத்தைப் பிடித்துவைத்திருந்த கொக்கியிலிருந்து விமானி அறைக்கு ஒரு கம்பி போகிறது. சூட்டில் விமானத்தின் உடம்பு நீண்டது. உள்ளேயிருந்த கம்பி அவ்வளவு சூடேறவில்லை, அவ்வளவு நீளவில்லை. கம்பியில் விட்டிருந்த தளர்வு போதவில்லை. விமானம் நீண்ட நீட்சியே கம்பியை இழுத்து, கொக்கியை விடுவித்துவிட்டது. வானத்தில் அந்த வேகத்தில் சக்கரத்தை நீட்டிக்கொண்டு வந்தவர் பத்திரமாக இறங்கினார் என்பது அவருடைய திறமைக்குச் சான்று.

1967 அக்டோபர் 3 அன்று பீட் நைட் இதே விமானத்தில் மாக் 6.7 வேகத்தைத் தொட்டார். வாலின் அடியில் ஒரு போலி ராம்ஜெட் எஞ்சினைத் தொங்கவிட்டிருந்தார்கள், எதிர்காலச் சோதனைக்கு ஒத்திகையாக. அந்தப் போலி எஞ்சினிலிருந்து கிளம்பிய அதிர்ச்சி அலை, அதைத் தாங்கிய தூணில் போய் விழுந்தது. அலை விழுந்த இடத்தில் சூடு பலமடங்காகி உலோகத்தில் ஓட்டை விழுந்தது. இறங்கும்போது அந்தப் போலி எஞ்சினே கழன்று விழுந்துவிட்டது. மூன்றில் அந்த விமானம் அதன்பிறகு பறக்கவே இல்லை.

ஓர் உறுப்பிலிருந்து கிளம்பிய அதிர்ச்சி அலை இன்னோர் உறுப்பின் எல்லைப் படலத்தில் மோதினால் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு நம் நாட்டோடு ஒரு சொந்தம் உண்டு. சதீஷ் தவன் என்ற பெயரைக் கேட்காதவர்கள் இங்கே இருக்கமாட்டீர்கள். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1972 முதல் 1984 வரை இஸ்ரோவை வழிநடத்தியவர். அவர் இளைஞராகக் கலிஃபோர்னியாவில் ஹான்ஸ் லீப்மானிடம் ஆராய்ச்சி செய்த காலத்தில், லீப்மானோடும் அனடோல் ரோஷ்கோவோடும் சேர்ந்து எடுத்துக்கொண்ட பொருள் இதுவே: எல்லைப் படலத்தில் மோதும் அதிர்ச்சி அலை எப்படித் திரும்புகிறது? தவனை நாம் நிர்வாகியாக, தலைவராகக் கொண்டாடுகிறோம். அந்த ஆராய்ச்சி மாணவரை இன்னும் கொஞ்சம் கொண்டாடலாம் என்பது என் கருத்து.

இனி ஒரு சோகத்தைச் சொல்ல வேண்டும். 2003 பிப்ரவரி 1. அந்த நாளை மறந்தவர் இந்தியாவில் உண்டா? கொலம்பியா விண்கலம் திரும்பி வந்துகொண்டிருந்தது. உள்ளே ஏழு பேர். அவர்களில் ஒருவர் நம் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா. அவரே விண்பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஜனவரி 16 அன்று கலம் கிளம்பிய ஒன்றரை நிமிடத்துக்குள் எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைத்துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் அடித்தது. முக்கால் கிலோ எடை, அவ்வளவுதான். விளிம்பு கார்பன்-கார்பன் கலவையால் ஆனது, சூட்டில் வைரம், ஆனால் அடிபட்டால் பொசுக்கென்று உடையக்கூடியது. அதில் ஓட்டை விழுந்தது.

இரண்டு வாரம் அந்த ஓட்டை ஒன்றும் செய்யவில்லை. விண்வெளியில் காற்று இல்லை. திரும்பும்போதுதான் காற்று வந்தது. சுட்டெரிக்கும் காற்று ஓட்டை வழியே இறக்கைக்குள் புகுந்தது. உள்ளே அலுமினியச் சட்டங்கள். ஒவ்வொரு உணர்கருவியாகப் பேச்சை நிறுத்தியது. இறக்கை உருமாற உருமாற, இடப்பக்கத்தில் காற்றின் இழுவை கூடியது. கலம் இடப்பக்கம் திரும்பப் பார்த்தது. தானியங்கிக் கட்டுப்பாடு அதை நேராக்கப் போராடியது, கடைசியில் சிறு ராக்கெட்டுகளை எரித்துக்கூடத் தள்ளிப்பார்த்தது. அந்த நிமிடங்களின் பதிவுகளைப் படிக்கும்போது, கணிப்பொறியின் மேல் எனக்கு இரக்கம் வருகிறது. அது நேராகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தது. அதன் கையிலிருந்த இறக்கை, அதற்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட இறக்கையாக இல்லை.

கொலம்பியாவில் ஓட்டை வெளியிலிருந்து விழுந்தது. வெளியடி எதுவும் படாமலேயே ஊர்தி தன் தோலை உரித்துக்கொண்ட கதையும் இருக்கிறது. 2011 ஆகஸ்ட் 11 அன்று அமெரிக்கர்கள் எச்டிவி-2 என்ற ஊர்தியை ஏவினார்கள். மாக் 20! எஞ்சின் கிடையாது, காற்றில் சறுக்கிப் போவது. மேல்தோல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும் என்பது அவர்களுக்குத் தெரியும், கணக்கில் எடுத்திருந்தார்கள். ஆனால் எதிர்பார்த்ததைவிடப் பெரிய துண்டுகளாகத் தோல் பெயர்ந்தது. பெயர்ந்த இடைவெளிகளிலிருந்து புதிய அதிர்ச்சி அலைகள் கிளம்பின. அந்த அலைகள் ஊர்தியை உருட்டின. பல முறை தன்னைத்தானே நிமிர்த்திக்கொண்டது, பிறகு முடியவில்லை. பாதுகாப்பாகக் கடலில் இறக்கப்பட்டது. விசாரணைக் குழுவின் முடிவு 2012 ஏப்ரலில் வெளியானது. அதே வளையம்தான். சூடு, உருவம், காற்று, மறுபடியும் சூடு.

இப்போது நம் ஊர்திகளுக்கு வருவோம்.

ஸ்க்ராம்ஜெட் என்று சொன்னேனே, அதில் ஒரு விசித்திரம் உண்டு. சாதாரண ஜெட் எஞ்சினில் காற்றை அழுத்த, சுழலும் விசிறி அடுக்குகள் இருக்கும். ஸ்க்ராம்ஜெட்டில் சுழலும் உறுப்பு எதுவுமே கிடையாது. பிறகு காற்றை அழுத்துவது யார்? ஊர்தியின் மூக்கும் வயிறும்தான்! அவற்றின் சரிவிலிருந்து கிளம்பும் அதிர்ச்சி அலைகள் காற்றை அழுத்தி, எஞ்சினின் வாய்க்குள் தள்ளுகின்றன. அந்த அலைகள் வாயின் உதட்டில் சரியாக வந்து விழ வேண்டும். ஆக, உடம்பு வேறு, எஞ்சின் வேறு என்று பிரிக்க முடியாது. உடம்பு கோணினால் எஞ்சினே கோணியது போல்.

எவ்வளவு கோணும்? வாருங்கள், பெருக்கிப் பார்ப்போம். இரண்டு மீட்டர் நீளம், அரை மீட்டர் உயரம் உள்ள ஒரு டைட்டானிய மூக்குப் பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கம் காற்றை எதிர்கொள்கிறது, மேல்பக்கத்தைவிட 300 டிகிரி அதிகச் சூடு. டைட்டானியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு நீளும். 300 டிகிரிக்கு, இரண்டு மீட்டருக்கு, ஐந்தரை மில்லிமீட்டர். அடிப்பக்கம் ஐந்தரை மில்லிமீட்டர் நீண்டது, மேல்பக்கம் நீளவில்லை என்றால் மூக்கு மேல்நோக்கி வளையும். எவ்வளவு? அரை டிகிரிக்குச் சற்று மேல். இவ்வளவுதானா என்று தோன்றும். கண்ணுக்கே தெரியாத வளைவு. ஆனால் இரண்டு மீட்டர் தள்ளி அதிர்ச்சி அலை விழும் இடம் சென்டிமீட்டர் கணக்கில் நகர்ந்துவிடும். உதட்டில் விழ வேண்டிய அலை வாய்க்குள் விழும், அல்லது வெளியே விழும். வாய்க்குள் விழுந்தால் அங்கே சுடும். வெளியே விழுந்தால் எஞ்சினுக்குப் போகும் காற்றே குறையும், உந்துவிசை குறையும், மூக்கு இன்னும் ஆடும். அரை டிகிரி செய்கிற வேலை!

நான் சொன்னது வெறும் கணக்குக்காக எடுத்த மூக்கு. 2020-இல் பறந்த நம் ஊர்தியில் அடிப்பக்கத்துக்கு டைட்டானியக் கலவை, மேல்பக்கத்துக்கு அலுமினியக் கலவை, எஞ்சினின் உட்சுவருக்கு நியோபியக் கலவை என்று பிரித்துப் போட்டிருந்தார்கள். ஏன் இத்தனை உலோகம்? எல்லா இடத்துக்கும் நியோபியமே போட்டால் எடை தாங்காது. எல்லா இடத்துக்கும் அலுமினியமே போட்டால் சூடு தாங்காது. பிரித்துப் போட்டால்? ஒரே டிகிரி சூட்டுக்கு அலுமினியம் டைட்டானியத்தைப்போல் இரண்டரை மடங்கு நீளும். மேலே குளிர்ச்சி, கீழே சூடு. மேலே அதிகம் நீளும் உலோகம், கீழே குறைவாக நீளும் உலோகம். கொஞ்சம் ஒன்றையொன்று ஈடுகட்டும்தான், ஆனால் இரண்டும் சேரும் மூட்டுகளில் நடக்கும் மல்லுக்கட்டு இருக்கிறதே, அது தனிப் புராணம். நியோபியம் என்றதும் நம் அக்கம்பக்கத்தாரை ஒரு வரி சொல்லிவிடுகிறேன். இந்த அரிய உலோகத்தைத் தயாரிக்கும் ஐதராபாத் அணு எரிபொருள் வளாகம், நம் டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையம் இருக்கும் அதே அணுசக்தித் துறையின் பிள்ளைதான்.

இஸ்ரோவும் சும்மா இருக்கவில்லை. 2016 மே 23 அன்று சிறகுள்ள சிறு விண்கலம் ஒன்றை 65 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பி, மாக் 5 வேகத்தில் காற்றுக்குள் இறக்கி, வங்காள விரிகுடாவில் இறங்கவைத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று, ராக்கெட்டின் பக்கவாட்டில் பொருத்திய ஸ்க்ராம்ஜெட் எஞ்சின்கள் மாக் 6 வேகத்தில் 5 நொடி எரிந்தன.

ஐந்து நொடி. இருபது நொடி. கைதட்ட வேண்டிய சாதனைகள், தட்டுவோம். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுத் தட்டுவோம். ஐந்து நொடியில் உலோகம் முழுச் சூட்டை எட்டுமா?

எட்டாது. காற்றின் வேலை ஆயிரத்தில் ஒரு நொடியில் நடக்கிறது. எஞ்சினுக்குள் நுழையும் காற்று எரிந்து வெளியேறுவதே ஏறத்தாழ அவ்வளவு நேரத்தில்தான். தகடு அதிர்வது நூற்றில் ஒரு நொடிக் கணக்கு. ஆனால் சூடு உலோகத்தின் உள்ளே இறங்கிப் பரவ நிமிடக் கணக்கு. காற்று முயல், வெப்பம் ஆமை. இந்தத் துறையில் ஆமைதான் ஆபத்தானது. முதல் பத்து நொடி எல்லாமே சரியாக இருக்கும். மூன்றாவது நிமிடத்தில் தகட்டின் விறைப்பு குறைந்திருக்கும். விறைப்பு குறைந்த தகடு, முன்பு தாங்கிய அதே காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கும்.

அதனால்தான் 2025-இன் செய்தி ஒன்று எனக்கு 2020-இன் பறத்தலைவிடப் பெரிதாகப் பட்டது. 2025 ஜனவரி 21 அன்று ஐதராபாத்தில் டிஆர்டிஓவின் டிஆர்டிஎல் ஆய்வகம் குளிர்விக்கப்பட்ட ஸ்க்ராம்ஜெட் எரியறையைத் தரையில் 120 நொடி எரித்துக் காட்டியது. அதே ஆண்டு ஏப்ரல் 25 அன்று 1000 நொடிக்கு மேல். வானத்தில் அந்த நேரத்துக்கு அந்த வேகத்தில் பறந்திருந்தால் இங்கிருந்து கொழும்பையும் தாண்டிப் போயிருக்கலாம். எப்படிச் சாதித்தார்கள்? எரிபொருளே குளிர்விப்பானாகவும் வேலை செய்கிறது. எரிவதற்கு முன் சுவர்களின் சூட்டை உறிஞ்சி, அந்தச் சூட்டிலேயே உடைந்து, எளிதில் பற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்து, பிறகு எரிகிறது. சுவருக்கு மேல் பீங்கான் வகைப் பூச்சு, எஃகு உருகும் சூட்டையும் தாண்டித் தாங்குவது. 1000 நொடி என்றால் ஆமை வந்து சேர்ந்துவிட்டது. உலோகம் முழுச் சூட்டில் நின்று வேலை பார்த்திருக்கிறது.

இது ஏவுகணைக்கான தொழில்நுட்பம் என்பதையும் நான் மறைக்கப்போவதில்லை. பணம் அங்கிருந்துதான் வருகிறது. விண்வெளிக்குப் போய்த் திரும்பும் கலத்துக்கும் இதே அறிவுதான் வேண்டும் என்று சொல்லி நாம் மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம், அது உண்மையும்கூட.

தரையில் 1000 நொடி எரிந்தது எரியறை. முழு ஊர்தியைத் தரையில் சோதிக்க முடியுமா? ஐதராபாத்தில் 2020 டிசம்பரில் திறந்த காற்றுச் சுரங்கம் மாக் 5 முதல் 12 வரை போகும். திருவனந்தபுரத்தில் 2017-இல் திறந்த சுரங்கங்களுக்கு சதீஷ் தவனின் பெயரே வைத்திருக்கிறார்கள். நம் பவாய் ஐஐடியிலும் ஷாக் டன்னல் என்று ஒன்று இருக்கிறது. பெங்களூர் ஐஐஎஸ்சியில் பல பத்தாண்டுகளாகவே இருக்கின்றன. பின்வரிசைத் தம்பி தங்கைகள் கவனியுங்கள், பவாய் இங்கிருந்து கூப்பிடு தூரம். அந்த ஷாக் டன்னலில் ஹைப்பர்சானிக் காற்றை உண்மையான வேகத்தில் வரவழைக்கலாம். எவ்வளவு நேரத்துக்கு? நொடியில் ஆயிரத்தில் சில பங்கு. அதற்குள் அழுத்தம் அளந்துவிடுவார்கள், வெப்பம் பாயும் அளவை அளந்துவிடுவார்கள், அதிர்ச்சி அலையைப் படமே எடுத்துவிடுவார்கள். ஆனால் மாதிரி ஊர்தி? சில்லென்று இருக்கும். கையால் தொடலாம். முயலை மட்டும் ஓடவிட்டுப் பார்த்த சோதனை அது.

விளக்குகளால் சுட்டுப் பார்க்கும் உலைகள் இருக்கின்றன. அங்கே ஆமை வருகிறது, முயல் இல்லை. உலோகம் சூடேறுகிறது, நீள்கிறது, ஆனால் மேலே காற்று ஓடவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில், முழு அளவில், முழு நேரத்துக்கு ஓடவிடும் சோதனைக்கூடம் இன்றுவரை வானம் மட்டும்தான். பாதியைச் சுரங்கத்தில் அளந்து, பாதியை உலையில் அளந்து, நடுவே உள்ள பாலத்தைக் கணிப்பொறியில் கட்டுகிறார்கள். அந்தப் பாலத்தில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. எல்லைப் படலம் எந்த இடத்தில் அமைதியை விட்டுக் கொந்தளிக்கத் தொடங்கும் என்பதைத் துல்லியமாக முன்கூட்டிச் சொல்ல இன்னும் யாராலும் முடியவில்லை. அமெரிக்காவாலும் முடியவில்லை, ரஷ்யாவாலும் முடியவில்லை. ஓர் ஆணித்தலை அரை மில்லிமீட்டர் துருத்தினாலும் அந்த இடம் மாறலாம். சூட்டில் தகடு லேசாகப் புடைத்தாலும் மாறலாம். மாறினால் சூடு பல மடங்கு என்று தொடக்கத்தில் சொன்னேனே!

தெரியாத இடத்தில் பொறியாளர் என்ன செய்வார்? எங்கும் கொந்தளிப்பு என்றே வைத்துக்கொண்டு தோலைத் தடிமனாக்குவார். தடிமன் எடை. எடை கூடினால் எரிபொருள் கூடும், அல்லது தூரம் குறையும். அந்த அறியாமையை இன்றைக்கு ஒவ்வொரு ஹைப்பர்சானிக் ஊர்தியும் கிலோ கணக்கில் சுமந்துகொண்டு பறக்கிறது. அடுத்த பறத்தல் நடக்கும்போது நாளிதழ்கள் மாக் எண்ணைத் தலைப்பில் போடும். நான் தேடப்போவது உள்பக்கச் செய்தியை: தோலின் அடியில் எத்தனை வெப்பமானிகள் வைத்தார்கள், தகடு எவ்வளவு நெளிந்தது, அந்த எண்களில் எதையாவது பவாயிலும் பெங்களூரிலும் படிக்கும் மாணவர் கையில் கொடுத்தார்களா?